அளவு கொடுத்த கை

தபால் நிலையம் வரை போய்த் திரும்ப அவனுக்கு இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள், மேசைமேல் வழவழவென்று உருட்டி வைத்துவிட்டுப் போன களிமண் உருண்டையை யாரோ பிடித்து அமுக்கியிருந்தார்கள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான். ஒரு பக்கம் நான்கு விரல் பள்ளம், மறுபக்கம் கட்டைவிரல் பள்ளம். அவசரத்தில் பட்டுவிட்ட கை இல்லை. நிதானமாக, அளவு கொடுப்பதற்கென்றே பிடித்த பிடி. கதவை இப்போதுதான் திறந்தான். அதுவரை பூட்டித்தான் இருந்தது. ஜன்னலில் கம்பி. அறையில் எப்போதும் இருக்கும் சூடான பிளாஸ்டிக் வாசனையும், நனைந்த பென்சில் சீவல் மாதிரியான களிமண் வாசனையும், மூலையில் அவன் ஒப்படைத்துவிட்டுப் போன வேலையை அடுக்கடுக்காக ஏற்றியபடி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும் 3D பிரிண்டரின் சத்தமும் அப்படியே இருந்தன. அந்த உருண்டை மட்டும்தான் மாறியிருந்தது.

நாமேதான் போகிற போக்கில் அமுக்கியிருப்போம் என்று வலது கையை வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. இடது கையை வைத்தான். விரல்கள் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தன. ஆனால் அவன் விரல் நுனி முடிந்த இடத்தில் பள்ளம் முடியவில்லை. இன்னும் ஒரு கணு நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அவனுடைய தொழிலே பிடிதான். விரல் மடங்காதவர்கள், கை நடுங்குகிறவர்கள், வாதத்தில் விழுந்து எழுந்தவர்கள் கேட்டால், ஒரு டப்பாவில் களிமண் உருண்டை அனுப்புவான். அவர்கள் தங்களால் முடிந்த மாதிரி அதைப் பிடித்து அமுக்கித் திருப்பி அனுப்புவார்கள். பழைய கேமராவையும் மோட்டாரையும் சேர்த்துக் கட்டி அவனே ஒரு ஸ்கேனர் செய்து வைத்திருந்தான். அதில் அளவெடுத்து, ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் ஸ்பூனுக்கோ ஊன்றுகோலுக்கோ சாவிக்கோ அவர்கள் கைக்கென்றே ஒரு பிடி அச்சடித்து அனுப்புவான். "தம்பி, பதினோரு வருஷத்துக்கு அப்புறம் என் கையாலயே சாப்பிடுறேன். இப்பதான் மருமக சமையலைக் குறை சொல்லவும் தைரியம் வந்திருக்கு" என்று ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் எழுதிய கடிதம் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது.

அதற்கு முன்னால் பதினாலு வருஷம் பல் செட் செய்கிற லேபில் இருந்தான். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. வாயில் பதித்தெடுத்த அளவு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். விட்டால் அளவு சுருங்கிப்போகும். யாருடைய வாய், எந்த ஊர் வாய் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

அதனால்தான் மனசு யோசித்து முடிப்பதற்குள் கை பிளாஸ்டரைக் கலக்க ஆரம்பித்திருந்தது.

அரை மணி நேரத்தில் அச்சைப் பிரித்தான். வெள்ளை வெளேரென்று ஐந்து விரல்கள் வந்தன. ஒவ்வொரு விரலிலும் கணு ஒன்று அதிகம். களிமண் வழுக்கியதில் தடம் இரட்டையாக விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். லேபில் அளவு தப்பாக வந்தால் யாரையும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், கையோடு சரிசெய்துவிடுவார்கள். அவனும் சின்ன ரம்பத்தால் ஒவ்வொரு விரலிலும் ஒரு கணுவை அறுத்தெடுத்துவிட்டு நுனியை ஒட்டினான். ஒட்டிய இடத்தை அரத்தால் தேய்த்தான். உப்புத்தாள் போட்டு வழித்தான். இப்போது அது மனுஷக் கை மாதிரி இருந்தது. அலமாரியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவும்போதுதான், இவ்வளவு நேரம் தான் பயந்துகொண்டே வேலை பார்த்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

யாரிடமும் சொல்ல முடியாது. இந்த வாரம் சொல்லவே முடியாது.

சனிக்கிழமை மகள் குட்டி வருகிறாள். ஒன்பது வயசு. அவளும் அம்மாவும் இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் அவளை ஹோட்டல் மேசைகளிலும் பார்க் பெஞ்சுகளிலும்தான் பார்த்திருக்கிறான். முதல் தடவையாக வீட்டில் வந்து இரண்டு ராத்திரி தங்கப்போகிறாள். அதற்கு அவள் அம்மாவிடம் சம்மதம் வாங்கவே நாலு மாசம் ஆனது. அதுவும் நிபந்தனையோடுதான். குட்டிக்குப் பிடித்திருந்தால் மாசாமாசம் அனுப்புவாள்; ஏதாவது ஏறுக்குமாறாக நடந்தாலோ, கடைசி நேரத்தில் அவனே வேண்டாம் என்று சொன்னாலோ, இனிமேல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வீட்டில் யாரோ வந்து களிமண்ணை அமுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று அவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே வேண்டியதில்லை.

உள் அறையில் குட்டிக்காக ஒரு கட்டில் பாதி எழும்பி நின்றது. பலகையை அறுத்து, மூலை இணைப்புகளை பிரிண்டரிலேயே அச்சடித்து, தானே கோத்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு மூலை பாக்கி.

செவ்வாய்க்கிழமை ஆணி வாங்கப் போய்த் திரும்பினான். இன்னொரு உருண்டை. இந்தத் தடவை வலது கை, விரல் நுனிகள் முழுக்கப் புதையும்படி அமுக்கியது. கணுக்கள் சரியாக இருந்தன. ஆனால் ஊற்றிப் பிரித்தபோது விரல் நுனிகளில் நகமே இல்லை; மெழுகுவத்தி மாதிரி உருண்டையாக முடிந்தன. உளியை எடுத்து ஒவ்வொரு விரலுக்கும் நகம் செதுக்கினான். மோதிர விரலில் உளி சறுக்கி நகத்துக்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்துவிட்டது. சே என்று அப்படியே விட்டுவிட்டான்.

புதன்கிழமை, கீழ் வீட்டுத் தையல்கார அக்கா ஜன்னல் திரையைத் தைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். வாசல்படியிலேயே நின்று அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன தம்பி, கூட ஆள் வந்தாச்சு போல. சொல்லவே இல்லையே."

"என்ன ஆளுக்கா?"

"நீங்க பையைத் தூக்கிட்டு இறங்கிப் போறதைப் பார்த்துட்டுத்தான் மெஷின்ல உட்கார்ந்தேன். உட்கார்ந்தா மேல நாற்காலி நகருது. மேசையில தட்டித் தட்டி ஏதோ பண்ற சத்தம் கேக்குது. ஆனா நடக்கிற சத்தம் மட்டும் கேக்கவே இல்லை. பூனைக்கால் மனுஷன் போலிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க, யானை மாதிரி நடக்கிறாரு."

பிரிண்டர் சத்தம்தான் கீழே அப்படிக் கேட்டிருக்கும் என்று அவன் சொன்னான். அக்கா நம்பினமாதிரி தலையை ஆட்டிவிட்டு, சனிக்கிழமை தான் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகவும், வேறு ஏதாவது தைக்க வேண்டுமானால் அதற்குள் கொடுத்துவிடச் சொல்லியும் இறங்கிப் போனாள். அவள் போன பிறகு திரையை மாட்டினான். வராந்தாவைப் பார்த்த ஜன்னல். திரையின் அகலம் கொஞ்சம் குறைச்சல். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது.

அன்றைக்கு அவனே வேண்டுமென்று ஒரு பெரிய உருண்டையைத் தட்டையாகப் பரப்பி வைத்தான். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான்.

களிமண்ணில் ஒரு காது. அதன் பக்கத்தில் ஒரு கன்னம்.

யாரோ அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் மேசைமேல் தலையைச் சாய்த்திருக்கிறார்கள். வேலை முடியாத சாயங்காலங்களில் அவன் சாய்வானே, அதே மாதிரி. அதைப் பார்த்ததும் பயம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. இந்த வீட்டில் இரண்டு வருஷமாக அவனைத் தவிர யாரும் தலை சாய்த்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தம், மூடினால் பிரிண்டர் சத்தம், அதையும் நிறுத்தினால் காதுக்குள் ஒரு ரீங்காரம் என்று நாள் போய்க்கொண்டிருந்த வீடு. பிளாஸ்டரைக் கலக்கி, மெதுவாக, சிந்தாமல் ஊற்றினான். காது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதைச் செதுக்கி மேலே ஏற்றினான்.

சாயங்காலம் குட்டி போன் செய்தாள். எந்தப் பொம்மையை எடுத்து வருவது என்பதிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் கேட்டாள்.

"அங்க தனியா இருக்க உங்களுக்குப் பயமா இல்லையாப்பா?"

"பழகிடுச்சு குட்டி."

போனை வைத்த பிறகும் அந்தப் பதில் வாயிலேயே நின்றது. மறுநாள் பார்சல் போடப் புறப்படும்போது, கதவை இழுத்து மூடுவதற்கு முன் அவனை அறியாமல் உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்றான். சொல்லிவிட்டுத்தான், யாரிடம் சொன்னோம் என்று நின்றான்.

வியாழக்கிழமை வந்தது முகம்.

நேராகக் குனிந்து களிமண்ணில் பதித்த முகம். ஆழமாக. மூச்சு முட்டுகிற அளவுக்கு. ஊற்றிப் பிரித்ததை மேசையில் நிறுத்திவிட்டு அவன் இரண்டடி பின்னால் போனான். மூக்கு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடங்கள் கன்னத்துக்கு இறங்கியிருந்தன. வாய் ஒரு கோடுகூட இல்லாமல் வழித்துவிட்ட மாவு மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் தப்பான அளவைத் தப்பாகவே விட அந்தக் கைகளுக்குத் தெரியாது. லேபில் பல் எங்கே இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் கண்ணாடியை எடுத்துத் தன் வாயையே பார்த்துக்கொள்வார்கள். அவனும் குளியலறையிலிருந்து முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துவந்து எதிரில் சாய்த்து வைத்தான்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தவன் விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் நிமிர்ந்தான். கண் மேலே ஏறியிருந்தது. உதடு வந்திருந்தது. தாடையில் லேசான கோணல்கூட வந்திருந்தது.

மேசையில் அவன் முகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலின் கடைசி இணைப்பையும் மாட்டினான். பழைய விரிப்பு சரியில்லை என்று புதுசு வாங்கப் போனான். திரும்பி வந்தபோது மேசையில் ஒரே ஒரு உருண்டை. வலது கை, மறுபடியும் நுனிவரை புதைந்தது. முதலில் அலட்சியமாகத்தான் எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பினான்.

நகங்களின் தடம் இருந்தது. அவன் செதுக்கிய நகங்கள்.

மோதிர விரலின் நகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. உளி சறுக்கிய கோடு.

நாற்காலி பிடிக்குக் கை போனது. உட்கார்ந்தான். அலமாரியில் வலது கை இருக்கிறது, வைத்த இடத்திலேயே, மேலே படிந்த தூசிகூடக் கலையாமல். அது அசையவில்லை. அப்படியென்றால் அதே மாதிரி இன்னொன்று எங்கோ இருக்கிறது. அவன் இங்கே சரிசெய்தால் அது அங்கே சரியாகிறது. கணுவை எடுத்தான், கணு போனது. நகம் கொடுத்தான், நகம் முளைத்தது. லேபில் இதற்கு ட்ரயல் என்று பெயர். செய்ததை அனுப்புவார்கள். வாய்க்குச் சொந்தக்காரர் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் முடித்துவிடலாம்.

சரியாக இருந்தது.

நேற்று ஒரு முகத்தையும் செய்து முடித்திருக்கிறான்.

குட்டியின் அம்மாவுக்குப் போன் போட எடுத்து, பேரைத் தேடி, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கீழே வைத்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குட்டி பத்திரம். ஆனால் அதற்கப்புறம் இந்த வீட்டுக்குக் குட்டி கிடையாது. கட்டில் கிடையாது. மாசாமாசம் கிடையாது. பத்து நிமிஷம் அந்தப் போனையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சுத்தியலை எடுத்தான்.

இரண்டு கைகள். காது. கன்னம். கடைசியில் முகம். தரையில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் வைத்து அடித்தான். முகம் மட்டும் முதல் அடிக்கு உடையவில்லை. மூன்றாவது அடியில் நெற்றியிலிருந்து தாடைவரை இரண்டாகப் பிளந்தது. பிளந்தபோது வந்த சத்தம் பிளாஸ்டர் உடைகிற சத்தம்தான், பதினாலு வருஷம் தினமும் கேட்ட சத்தம். அதற்குப் பிறகு, பெரிய ஒரு மூச்சை யாரோ இழுத்தமாதிரி இருந்தது. தன்னுடைய மூச்சாகத்தான் இருக்கும். சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டான். வீட்டைக் கழுவினான். பல நாளைக்கு அப்புறம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை பகல் முழுக்க ஒன்றுமில்லை. களிமண் மூட்டையைக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு உருண்டையை மட்டும் வேண்டுமென்றே வெளியே வைத்துவிட்டு, இரண்டு தடவை படியிறங்கிப் போய் வந்தான். அது வழவழவென்று வைத்தபடியே இருந்தது. முடிந்தது என்று நினைத்தான். சிரிப்புக்கூட வந்தது.

நாலு மணி பஸ்ஸில் அம்மாவும் பெண்ணும் வருவதாகப் பேச்சு. மூன்றேமுக்காலுக்கே கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டாப்பில் போய் நின்றான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். நாலு மணி பஸ் வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் இறங்கினார்கள், ஒரு பூக்கூடை இறங்கியது, பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸிலும் அவர்கள் இல்லை. குட்டியின் அம்மா மனசு மாறிவிட்டாளோ என்று, அவளைக் கூப்பிடப் போனை எடுத்தபோது அதுவே அடித்தது.

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். பஸ்ஸில் கூட்டமாக இருந்ததால் டாக்சியிலேயே வந்து இறக்கிவிட்டுவிட்டாளாம், இப்போது பாதி தூரம் திரும்பிவிட்டாளாம். குட்டியின் இருமல் மருந்து பையின் வெளி அறையில் இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றாள்.

"எங்க இறக்கிவிட்டே?" என்றான் அவன்.

"என்ன கேள்வி இது? வீட்லதான். நீங்கதானே கதவைத் திறந்தீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது வேலையை மூட்டை கட்டி வெச்சிருக்கலாம். முகமெல்லாம் வெள்ளை வெள்ளையா மாவு. குட்டி பேசப் பேச ஒரு வார்த்தை பேசலை, தலையை மட்டும் ஆட்டுறீங்க. பாவம், முதல்ல தயங்கினா. நீங்க கையைப் பிடிச்சதும்தான் உள்ள போனா."

அவன் ஓட ஆரம்பித்திருந்தான். போனில் அவள் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

தெரு நீளமாக இருந்தது. இவ்வளவு நீளமாக அது இருந்ததே இல்லை. ஓடும்போதுதான் அந்த வேலையின் கடைசிப் படி ஞாபகத்துக்கு வந்தது. பதினாலு வருஷமாகக் கை செய்த வேலை. நேற்றும் கைதான் செய்தது. பல் செட் பிளாஸ்டருக்குள்ளேதான் வெந்து இறுகும். அது வெளியே வரவேண்டுமானால் பிளாஸ்டரை உடைக்க வேண்டும். உடைத்தால்தான் வேலை முடிந்தது. உடைத்தால்தான் போட்டுக்கொள்ளலாம்.

அவன் அழிக்கவில்லை. முடித்துக் கொடுத்திருக்கிறான்.

படி. இன்னொரு படி. கீழ் வீடு பூட்டியிருந்தது. சாவியைப் போட்டான், திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள். தோளால் மோதினான். பெயர் சொல்லிக் கத்தினான். மறுபடி மோதினான். பழைய காலத்துத் தேக்குக் கதவு, அசையவில்லை.

ஜன்னல்.

திரை ஓரத்து இடைவெளியில் கண்ணை வைத்தான்.

உள்ளே விளக்கு எரிந்தது. அவன் நாற்காலியில் குட்டி உட்கார்ந்திருந்தாள், கால் தரைக்கு எட்டாமல், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முடிவெட்டுபவரிடம் உட்காருவதுபோல் முகத்தைச் சமர்த்தாக உயர்த்தி. காது இரண்டும் களிமண்ணால் அடைத்திருந்தது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான், கத்தினான். அவள் இமைகூட அசையவில்லை.

அவளுக்கு முன்னால், அவனுடைய பழைய நீலச் சட்டையில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது நின்றது. அவள் முகத்திலிருந்து அப்போதுதான் எடுத்த அச்சை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராக, அவன் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தது. களிமண்ணுக்குள் குட்டியின் முகம் குழிவாக இருந்தது. குழிந்த மூக்கு. குழிந்த இமை. அவன் இடைவெளியில் கண்ணை இந்தப் பக்கம் நகர்த்தினான். அந்தக் குழிந்த முகம் அவன் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் நகர்த்தினான்; அங்கேயும் திரும்பியது.

"அப்பா," என்றாள் குட்டி, காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்க. "முடிஞ்சுதா?"

அது தலையை ஆட்டியது. இல்லை என்று.

களிமண் முகத்தை அலுங்காமல் மேசையில் வைத்தது. குனிந்து அதையும், அவளையும், மறுபடி அதையும் பார்த்தது. பிறகு பொறுமையாக, நகத்தில் கீறல் விழுந்த விரலால் தடவி அரத்தை எடுத்துக்கொண்டு, மேசைப் பக்கம் போகாமல், நாற்காலிப் பக்கம் திரும்பியது.